சுறாவின் ஊர் எது? கடல்நீரின் வெப்பமும் சுறாக்களின் வாழிடமும்

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப்புட்டு மணக்கும். மஞ்சள் போட்டு அவித்த பால்சுறாவின் தோலை உரித்து, சதையை உதிர்த்து, நீர் ஒட்டப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் சேர்த்துக் கிளறுவார்கள். தாய்க்குப் பால் ஊறும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. ஐஸ்லாந்திலும் சுறா உண்கிறார்கள். அங்கே கிடைப்பது கிரீன்லாந்து சுறா. அதன் பச்சை இறைச்சி நஞ்சு. ஆகவே வாரக்கணக்கில் சரளை மண்ணில் புதைத்துப் புளிக்கவைத்து, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுத்தான் தட்டில் வைக்கிறார்கள்.

ஒரே குலத்து இரண்டு மீன்கள். ஒன்று 28, 29 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் கரையோரமாகத் திரிவது; இரண்டு மூன்று ஆண்டுகளில் பருவத்துக்கு வந்து குட்டி போடுவது. மற்றது உறைநிலையை ஒட்டிய ஆர்க்டிக் நீரில் வாழ்வது. 2016இல் ஜூலியஸ் நீல்சன் குழுவினர் 28 பெண் கிரீன்லாந்து சுறாக்களின் கண்வில்லையில் உள்ள கதிர்கார்பனை அளந்து வயது கணக்கிட்டார்கள். ஐந்து மீட்டர் நீளமிருந்த மிகப்பெரிய சுறாவுக்கு வயது குறைந்தது 272 என்றும், 512 வரைகூட இருக்கலாம் என்றும் தெரிந்தது. அது பருவமடையவே ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது.

இந்த வித்தியாசத்துக்கு உடலின் பருமனும் மரபும் காரணங்கள்தாம். என்றாலும் இவற்றோடு சேர்ந்து நின்று அந்த உயிரின் வேகத்தையே தீர்மானிப்பது சுற்றியுள்ள நீரின் வெப்பம். சுறாக்கள் எங்கே வாழ்கின்றன என்று கேட்டால் வெப்பமண்டலக் கடல், குளிர்கடல், ஆழ்கடல் என்று பட்டியல் போடுவது வழக்கம். கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் அந்தப் பட்டியல் போதாது என்று தெரிகிறது. பெரும்பாலான சுறாக்கள் ஒரே வெப்பநிலையில் குடியிருப்பதில்லை. பல வெப்பநிலைகளுக்கு இடையே நாள்தோறும், பருவந்தோறும் போய்வருகின்றன. அந்தப் போக்குவரத்துதான் அவற்றின் வாழிடம். கடல் சூடாகும் இந்தக் காலத்தில் நாம் கவலைப்பட வேண்டியதும் அந்தப் போக்குவரத்து அடைபடுவதைப் பற்றித்தான்.

உடம்பின் வரவும் செலவும்

உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. சில இனங்கள் நீங்கலாக மற்ற அனைத்தும் நீரின் வெப்பத்தையே தம் உடல் வெப்பமாகக் கொண்டவை. நீர் 10 டிகிரி சூடானால் இத்தகைய உயிர்களின் வளர்சிதை மாற்றம் பொதுவாக இரண்டு மூன்று மடங்கு விரைவாகும். செரிமானம் விரைவாகும், தசை சுறுசுறுப்பாகும், வயிற்றிலுள்ள குட்டி சீக்கிரம் வளரும். கூடவே பசியும் பெருகும், மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனும் கூடும். வெப்பம் வரவையும் கூட்டுகிறது, செலவையும் கூட்டுகிறது. எங்கே இருந்தால் மிச்சம் அதிகம் என்பதுதான் சுறாவின் கணக்கு.

அயர்லாந்தின் லாக் ஹைன் என்ற கடலேரியில் புள்ளிப் பூனைச்சுறாக்களை டேவிட் சிம்ஸ் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். ஆண் சுறாக்கள் பகலெல்லாம் குளிர்ந்த ஆழத்தில் படுத்துக் கிடந்தன. பொழுது சாய்ந்ததும் வெதுவெதுப்பான மேட்டுப் பகுதிக்கு ஏறி இரை தேடின. விடிவதற்குள் மறுபடி குளிருக்கு இறங்கின. சூட்டில் வேட்டை, குளிரில் ஓய்வு. இந்த ஏற்ற இறக்கத்தால் நாளுக்கு நான்கு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான ஆற்றல் மிச்சமாவதாகக் கணக்கிட்டார்கள். நாள் தவறாமல் மிச்சமாகும் நான்கு விழுக்காடு, ஒரு காட்டுயிர்க்குச் சிறிய தொகையல்ல.

தெற்குக் கலிபோர்னியக் கரையில் சினைகொண்ட சிறுத்தைச் சுறாக்கள் முழங்காலளவு நீருக்கு வந்து கூடுகின்றன. வெயில் ஏறி நீர் சூடாகும் பிற்பகலில் அங்கே நெருக்கம் அதிகம். கருவை விரைந்து வளர்க்கவே அந்தக் கதகதப்பைத் தேடுகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மாடி வீடு போன்ற கடல்

வரைபடத்தில் கடலை மேலிருந்து பார்க்கிறோம். சுறா அதைப் பக்கவாட்டில் பார்க்கிறது. வெப்பமண்டலக் கடலில் மேல்நீர் 28 டிகிரி இருக்கும் இடத்திலேயே, சில நூறு மீட்டர் கீழே இறங்கினால் 10 டிகிரிக்கு வந்துவிடும். ஆயிரம் மீட்டரில் அது இன்னும் பாதியாகும். கன்னியாகுமரியிலிருந்து ஆர்க்டிக் நோக்கிப் பல்லாயிரம் கிலோமீட்டர் போனால் கிடைக்கும் குளிர், படகுக்கு நேர்கீழே ஒரு கிலோமீட்டரில் கிடைக்கிறது.

அந்தக் குளிர்நாட்டுக்கும் குடிமக்கள் உண்டு. முட்சுறா வகையைச் சேர்ந்த ஆழ்கடல் சுறாக்கள் இந்தியப் பெருங்கடலில் சில நூறு மீட்டருக்குக் கீழே வாழ்கின்றன. அவை மெதுவாக வளர்பவை. ஓர் ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகளே போடுபவை. ஈரல் எண்ணெய்க்காக மாலத்தீவில் 1980 முதல் இவற்றைப் பிடிக்கத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழில் சரிந்தது. குளிரில் மெதுவாக ஓடும் வாழ்க்கையை, சூட்டில் விரைந்து பெருகும் மீனைப் போல அறுவடை செய்ததன் விலை அது. அதற்கும் கீழே ஓர் எல்லை இருக்கிறது. 3,000 மீட்டருக்கு அப்பால் சுறாக்கள் அநேகமாக இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலைப் பேண அங்கே போதுமான இரை கிடையாது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம்.

மேல்தளத்தில் வாழும் சுறாக்களும் கீழ்த்தளத்துக்குப் போய்வருகின்றன. நம் கடற்கரையில் அம்மணி உழுவை எனப்படும் திமிங்கலச் சுறா வெதுவெதுப்பான நீரில் மிதவையுயிர்களை வடிகட்டி உண்பது. அது 1,900 மீட்டர் வரைகூட இறங்கியது பதிவாகியிருக்கிறது. ஆழக் குளிரில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தால், மேற்பரப்பில் அதிக நேரம் மிதந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது.

இவற்றில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது கொம்பன் சுறாவின் உத்தி. ஹவாய்த் தீவருகே மார்க் ராயர் குழுவினர் கொம்பன் சுறாக்களின் உடம்பில் வெப்பமானிகளைப் பொருத்தி, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரவில் சுறா 26 டிகிரி மேல்நீரிலிருந்து தலைகீழாகப் பாய்கிறது. 800 மீட்டருக்குக் கீழே நீர் 5 டிகிரி. மீனுக்குச் செவுள்தான் மூச்சு. உடம்புச் சூட்டைக் கடல் உறிஞ்சிக்கொள்ளும் வாசலும் அதுவே. மெல்லிய இழைகளில் ஓடும் இரத்தம், குளிர்நீரில் நொடியில் ஆறிவிடும். எனவே அந்தச் சுறா சில நிமிடங்களில் குளிர்ந்திருக்க வேண்டும். வெப்பமானி வேறு கதை சொன்னது. இறங்கும்போதும் அடியில் வேட்டையாடும்போதும் தசையின் சூடு ஏறத்தாழ அப்படியே இருந்தது. ஏறிவரும் வழியில், சுற்றியுள்ள நீர் சூடாகிக்கொண்டிருந்தபோதுதான், உடம்பு திடீரென்று குளிர்ந்தது. செவுளை இறுக மூடி மூச்சை அடக்கிக்கொண்டு போகிறது. பாதி வழி ஏறியதும் மூச்சுவிடச் செவுளைத் திறக்கிறது. அப்போது குளிர் உள்ளே புகுகிறது. தான்சானியாவை ஒட்டிய கடலில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஒரு கொம்பன் சுறா செவுள்களை மூடியபடி நீந்துவதை ஒரு படக்கருவி பதிவுசெய்திருந்தது. அதுவும் இந்த முடிவுக்கு வலுச்சேர்த்தது. முத்துக்குளித்த நம் முன்னோர் மூச்சடக்கி இறங்கியது சிப்பிக்காக. மீன் மூச்சடக்குவது சூட்டைக் காப்பதற்காக.

அடுப்பைச் சுமந்து செல்பவை

சில சுறாக்கள் தம் சூட்டைத் தாமே காய்ச்சிக்கொள்கின்றன. மாக்கோ, போர்பீகில் சுறாக்களின் உடம்பு நீரைவிடச் சூடானது என்பதை ஃபிராங்க் கேரியும் ஜான் டீலும் 1969இல் விளக்கினார்கள். பெரும் வெள்ளைச் சுறாவும் சால்மன் சுறாவும் இதே குடும்பம். நீந்தும் தசை எப்போதும் உழைப்பதால் அங்கே பிறக்கும் சூடு, வெளியேறும் இரத்தத்தோடு செவுளுக்குப் போய் வீணாக வேண்டியது. இந்தச் சுறாக்களில் தசைக்கு வரும் குளிர் இரத்தக் குழல்களும் தசையிலிருந்து போகும் சூடான குழல்களும் பின்னிப்பிணைந்து ஒன்றையொன்று உரசி ஓடுகின்றன. போகும் இரத்தம் தன் சூட்டை வரும் இரத்தத்திடம் கொடுத்துவிட்டுப் போகிறது. சூடு உடம்பைவிட்டு வெளியேறுவதில்லை.

அலாஸ்காவின் குளிர்நீரில் சால்மன் சுறா தன் உடம்பை நீரைவிட 20 டிகிரி வரை சூடாக வைத்துக்கொள்கிறது. ஆர்க்டிக்கை ஒட்டிய கடலிலும் அதன் தசைக்குள் ஒரு வெப்பமண்டலம் இருக்கிறது. மிதவையுயிர் தின்று மெதுவாக நீந்தும் பாஸ்கிங் சுறாவின் தசையும் ஓரளவு சூடாக இருப்பது 2023இல்தான் தெரியவந்தது. அதுவரை இது வேகமாக வேட்டையாடும் சுறாக்களுக்கே உரியதென்று நம்பியிருந்தோம்.

இந்த வசதிக்குச் செலவும் பெரிது. அடுப்பு எரிய விறகு வேண்டும். சூடான உடம்புக்குத் தீனி வேண்டும். சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த மெகலோடான் என்ற மாபெரும் சுறாவின் பற்களை வேதியியல் முறையில் ஆராய்ந்து, அதன் உடல் அக்காலக் கடல்நீரைவிட ஏறத்தாழ 7 டிகிரி சூடாக இருந்ததாக 2023இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கடல் மாறி இரை குறைந்தபோது அந்தப் பெரும் பசியே அதற்கு வினையாகியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. குளிரை வென்றதாலேயே ஓர் உயிர் பிழைத்துவிடுவதில்லை. அந்த வெற்றிக்கு நாள்தோறும் விலை கொடுக்க வேண்டும்.

உப்பைத் தாண்டும், குளிரைத் தாண்டாது

எந்த எல்லையும் தன்னைத் தடுக்காது என்பதுபோல் வாழ்வது காளைச் சுறா. கடலிலும் நன்னீரிலும் வாழும் இது, அமேசான் ஆற்றில் பெரு நாட்டின் இக்கிடோஸ் வரை, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கிறது. 1937இல் மிசிசிப்பி ஆற்றில் கடலிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தள்ளி, இல்லினாய் மாநிலத்து ஆல்டன் ஊரில் பிடிபட்டது. உப்பு அதற்கு வேலியல்ல. ஆனால் நீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது பெரும்பாலும் விலகிவிடும்.

அந்த வேலி எவ்வளவு கடுமையானது என்று 2021 மார்ச்சில் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் கோடையின் சூடான நீருக்குள் திடீரென்று ஆழத்துக் குளிர்நீர் பொங்கி எழுந்தது. 81 இனங்களைச் சேர்ந்த குறைந்தது 260 உயிர்கள் செத்துக் கரையொதுங்கின. இறந்தவற்றில் காளைச் சுறாவும் உண்டு. பூமி சூடாகும்போது காற்றின் போக்கும் நீரோட்டத்தின் வலுவும் மாறுவதால், இத்தகைய குளிர்ப்பொங்கல்கள் சில கரைகளில் அடிக்கடியும் கடுமையாகவும் நிகழ்கின்றன என்று இதை ஆராய்ந்த நிக்கோலஸ் லூபிட்ஸ் குழுவினர் 2024இல் காட்டினார்கள். கடல் சூடாகிறதே என்று தெற்கே நகர்ந்த வெப்பமண்டல மீனை அங்கே குளிர் வந்து அடிக்கிறது. கடல் வெப்பமாவதால் சுறாக்கள் துருவம் நோக்கி நகரும் என்ற எளிய விதிக்குள் இந்தச் சாவுகள் அடங்கவில்லை.

நகரும் கோடுகள்

அந்த விதியில் உண்மை இல்லாமலும் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கடந்த நாற்பது ஆண்டுகளில் புலிச் சுறாக்களின் எல்லை வடக்கே விரிந்திருப்பதாகவும், அவை ஆண்டில் முன்பைவிட முன்னதாகவே அங்கே வந்துவிடுவதாகவும் நீல் ஹாமர்ஸ்லாக் குழுவினர் 2022இல் எழுதினார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சுட்டியது: இப்படி நகரும் சுறாக்கள், தமக்காக ஒதுக்கப்பட்ட காப்பிடங்களைவிட்டு மீன்பிடிப்பு மிகுந்த பகுதிக்குள் நுழைகின்றன.

மேற்குக் கரையில் 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையின்போது, இளம் வெள்ளைச் சுறாக்களின் வட எல்லை 34 பாகையிலிருந்து 38.5 பாகைக்கு ஏறியது. முன்பு அவற்றைக் கண்டிராத மான்டரே விரிகுடாவில் அவை வளரத் தொடங்கின. அங்குள்ள கடல்நீர்நாய்களைச் சுறா கடித்த நிகழ்வுகளும் கூடின. ஒரு மீன் தன் எல்லையைத் தாண்டினால் அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களின் கணக்கும் மாறுகிறது.

நம் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளின் பவளப்பார்களில் சாம்பல் பார்ச்சுறாக்களுக்கு ஒலிக்கருவி பொருத்தி 2013 முதல் 2020 வரை கவனித்தார்கள். வெப்பத்தால் பார்கள் வாடியபோது சுறாக்கள் அங்கே தங்கும் நேரம் குறைந்தது. சில இடங்களில் ஓராண்டுக்கும் மேலாகியும் பழைய நிலை திரும்பவில்லை. சுறா பாருக்கு வெறும் விருந்தாளியல்ல. வெளிக்கடலில் உண்டதைப் பாருக்குக் கொண்டுவந்து கழிவாகச் சேர்த்து உரமிடுவதும் அதுதான். சுறா விலகினால் வாடிய பார் தேறுவது இன்னும் கடினம்.

நகர முடிந்தவை நகர்கின்றன. நகர முடியாதவை என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் எபோலெட் என்றொரு சிறு சுறா உண்டு. வற்றிய பாரின்மேல் துடுப்புகளை ஊன்றி நடந்துபோகும். ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன குட்டையிலும் சில மணி நேரம் தாங்கும். கடினமான வாழ்க்கைக்குப் பழகிய உயிர். கரோலின் வீலர் குழுவினர் அதன் முட்டைகளை 27, 29, 31 டிகிரி நீரில் வைத்துப் பார்த்தார்கள். 27 டிகிரியில் 125 நாளில் பொரித்தன. 31 டிகிரியில் 100 நாளில். சீக்கிரம் பொரித்த குஞ்சுகள் சிறுத்திருந்தன. மஞ்சள்கரு முழுதும் தீர்ந்த நிலையில் பிறந்ததால் உடனே இரை தேட வேண்டிய கட்டாயத்தில், சோர்ந்து இருந்தன. முட்டைக்குக் காலில்லை. தாய் ஒட்டிவைத்த இடத்தின் வெப்பத்தை அது அனுபவித்தே தீர வேண்டும். குளிருக்கும் சூட்டுக்கும் இடையே போய்வரும் வசதி இல்லாத பருவம் அது. வெப்பத்தின் முழு அடியும் அங்கேதான் விழுகிறது.

மூச்சுக்குத் தட்டுப்பாடு

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும். சூடான உடம்புக்கோ ஆக்சிஜன் அதிகம் வேண்டும். அதனால் கடலின் நடு ஆழங்களில் உள்ள ஆக்சிஜன் குன்றிய அடுக்குகள் சுறாக்களுக்குப் புதுத் தரையாகின்றன. கிழக்கு அட்லாண்டிக்கில் அத்தகைய அடுக்கின்மேல் நீந்தும் நீலச் சுறாக்கள் முன்போல் ஆழத்துக்கு இறங்காமல் மேலே நெருங்கி நிற்பதையும், அங்கேயே ஆயிரக்கணக்கான முள் கோத்த நீள்தூண்டில்கள் தொங்குவதையும் 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மாடி வீட்டின் கீழ்த்தளங்கள் பூட்டப்பட்டால் எல்லோரும் மேல்தளத்தில் அடைய வேண்டியதுதான். தூண்டில் இருப்பதும் அங்கேதான்.

அரபிக்கடலுக்கு அடியில் இருப்பது உலகின் மிகப்பெரிய ஆக்சிஜன் குன்றிய அடுக்குகளில் ஒன்று. அந்தக் கடலின் மேல்நீர் சூடாகியும் வருகிறது: மேற்கு இந்தியப் பெருங்கடல் 1901 முதல் 2012 வரை கோடைகாலத்தில் 1.2 டிகிரி சூடேறியதாகப் புனேயில் ஆய்வு நடத்தும் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2014இல் கணக்கிட்டார்கள். இந்தக் கடலில்தான் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுகிறார்கள். சுறாவைத் தேடி ஆழ்கடலுக்குப் போவதில் இந்தியாவிலேயே பேர்பெற்றவர்கள் அவர்கள். சூடும் மூச்சுத்தட்டுப்பாடும் சுறாவை மேலே தள்ளினால் சில ஆண்டுகள் பிடிபாடு கூடியதுபோல் தோன்றலாம். அதைப் பெருக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டம் ஒடுங்கிய இடத்தில் வலை நிரம்புவதும் கூட்டம் பெருகியதால் வலை நிரம்புவதும் கரையில் இருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும்.

எதைக் காப்பது?

1970 முதல் 2018 வரை உலகின் வெளிக்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டன. இந்தச் சரிவுக்கு முதற்காரணம் வெப்பமல்ல, மிகையான மீன்பிடிப்பு. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பருவநிலையின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூண்டிலை மறந்துவிட முடியாது. ஆனால் எண்ணிக்கை குறைந்து நலிந்த கூட்டத்தின்மேல்தான் இப்போது வெப்பமும் விழுகிறது.

இந்தியா 2001இல் திமிங்கலச் சுறாவைச் சட்டத்தால் காத்தது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிவதை 2013இல் தடுத்தது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியை நிறுத்தியது. இவை இனத்தையும் பொருளையும் காக்கும் சட்டங்கள், தேவையானவை. காப்பிடங்கள் என்று கோடு கிழிப்பது இடத்தைக் காக்கிறது, அதுவும் தேவைதான். இதுவரை பார்த்த ஆய்வுகள் சொல்வது, இவற்றோடு பாதையையும் காக்க வேண்டும் என்பது. குட்டி போடும் வெதுவெதுப்பான கழிமுகங்கள், ஓய்வுக்கு இறங்கும் ஆழங்கள், இரண்டையும் இணைக்கும் நீர்வழி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு சுறாவின் ஊர். நீர் நகரும்போது காப்பெல்லையும் பருவத்துக்கேற்ப நகரும் வகையில் விதிகள் அமைய வேண்டும்.

அதற்கு வேண்டிய அறிவில் ஒரு பங்கு ஏற்கெனவே நம் கரையில் இருக்கிறது. மீன் ஏலம் விடும் இடத்தில் இன்று எழுதப்படுவது இனமும் எடையும் விலையும்தான். எத்தனை பாகம் கயிறு இறக்கினோம், அன்று நீவாடு எந்தப் பக்கம் இழுத்தது, கையில் பட்ட நீர் தணுத்திருந்ததா என்பது தூண்டில் போட்டவருக்குத் தெரியும். கடலோர மக்கள் நீவாடு என்று சொல்லும் அந்த நீரோட்டம்தான் சூட்டையும் குளிரையும் சுமந்து வருகிறது. அவரிடம் கேட்டு, ஒரு சிறு வெப்பமானியையும் கயிற்றில் கட்டிக்கொடுத்து, பதிலை எடைக்குப் பக்கத்தில் எழுதிவைக்கத் தொடங்கினால், பத்து ஆண்டுகளில் நம் கடலின் சுறாக்கள் எந்த வழியாகப் போய்வருகின்றன என்ற வரைபடம் நமக்குக் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு கிண்டத் தலைமுறை தலைமுறையாகச் சுறா கொடுத்த கடலுக்கு, அந்த அளவுக்காவது நாம் கணக்கு எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.